டீசல் போட்டு அழித்த எண்

1

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து பதினோரு வருஷம் நிறைந்த அன்று காலையில் எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் ஏஜென்ட் அனுப்பிய மின்னஞ்சல். அடுத்த புதன்கிழமை வீட்டைப் பார்வையிட வருகிறாராம். மற்றொன்று, திருவொற்றியூரில் என் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தேவகி அக்கா வாட்ஸப்பில் அனுப்பிய படம். ஒரே காலையில் நான் ஓரிடத்தில் குடித்தனக்காரன், இன்னோரிடத்தில் வீட்டுக்காரன். பயந்தது என்னவோ இரண்டு பேருமே.

படத்தில் என் வீட்டின் நீலச் சுவர் இருந்தது. அதில் சிவப்புப் பெயின்டில் ஓர் அம்புக்குறி, பக்கத்தில் 117 என்ற எண். ஏழின் காலிலிருந்து பெயின்ட் கொஞ்சம் வழிந்திருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி.

“நைனா, நேத்து சாயங்காலம் நாலு பேரு வந்து டேப்பு போட்டு அளந்துகினு போனாங்க. இன்னான்னு கேட்டா ஒன்னியும் சொல்லல. எல்லா வூட்டு செவுத்துலயும் நம்பர் எய்திட்டு போய்ட்டாங்க. எனக்கு பயமா கீது. உன் வூடு, நீயே சொல்லு, இன்னா பண்றது?”

அங்கே அப்போது விடியற்காலை. அக்கா விற்பதற்கு மீன் எடுக்கக் காசிமேட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்புகிற நேரம். பின்னால் யாரோ ஐஸ் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

கலா அடுப்படியில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் இந்த நாளுக்குக் கேசரி உண்டு. என் மனைவி வியாசர்பாடிக்காரி. பதினோரு வருஷம் ஆஸ்திரேலியாவில் இருந்தும் அவள் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை.

“இன்னா மாமா, மூஞ்சி ஏன் இப்டி கீது?”

“ஒன்னியும் இல்ல” என்றேன். சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர் அறைகளைப் பழுது பார்ப்பது என் தொழில். மைனஸ் இருபதில் நின்று ஸ்பானர் பிடிக்கிறவன். அன்று அந்த ஃபோனைப் பிடிக்க முடியாமல் மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். சிவப்புப் பெயின்டில் சுவரில் எண் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

2

அப்போது எங்கள் வீடு குப்பத்துக்கு வெளியே, சாலையை ஒட்டி இருந்தது. ஓலையும் தகரமும் கலந்த வீடு. அப்பா கட்டுமரத்தில் போவார். ஒருநாள் மத்தியானம் கையில் பெயின்ட் டப்பாவோடு ஓர் ஆள் வந்து எங்கள் சுவரில் எண் எழுதினார். அம்மாவுக்கு ஏக சந்தோஷம். எங்கள் வீட்டுக்குக் கதவிலக்கமே கிடையாது. கடிதம் வந்தால் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

“அண்ணா, கொஞ்சம் பெருசா எய்துண்ணா. தபால்காரனுக்கு தெரியட்டும்” என்று அம்மா அந்த ஆளிடம் சொன்னார். டீ வாங்கிவர என்னைத்தான் அனுப்பினார். அந்த ஆள் டீயைக் குடித்துவிட்டு, கேட்டபடியே பெரிதாக எழுதிவிட்டுப் போனார். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு மனசு வரவில்லையோ, அவருக்கே தெரியாதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் மஞ்சள் வண்டி வந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். நான் என் புத்தகப் பையை எடுத்துவந்தேன். எண் எழுதிய சுவர்தான் முதலில் விழுந்தது.

அந்த வீட்டுக்குப் பதிலாக எங்களுக்குக் கொடுத்த இடத்திலிருந்து கடலுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். அப்பா போய்ச் சேருவதற்குள் மரம் கிளம்பியிருக்கும். ஒரு வருஷம் முயன்று பார்த்துவிட்டு, கொடுங்கையூரில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போனார். அம்மா அதன்பிறகு கோயில் சுவருக்குக் காவியும் வெள்ளையும் அடிக்கும் ஆளைப் பார்த்தால்கூடத் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். டீ வாங்கிக் கொடுத்ததைத்தான் கடைசிவரை சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இதெல்லாம் எனக்குள் இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. தேவகி அக்காவை அழைத்தேன்.

“அக்கா, அத்த அழிச்சிடு.”

“அழிச்சிடவா? கேட்டா இன்னா சொல்றது?”

“யாரும் எய்தவே இல்லன்னு சொல்லு. பெயின்ட் காயறதுக்குள்ள அழி.”

அக்கா காசிமேட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் படகுக்காரரிடம் ஒரு சொம்பு டீசல் வாங்கி, பழைய லுங்கியால் தேய்த்து அழித்தார். மேலே நீலச் சுண்ணாம்பும் பூசினார். நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாவது படம் வந்தது. சுத்தமான நீலச் சுவர்.

“ஒரு கோடு கூட தெரியல பாரு நைனா. உன் வூட்ட காப்பாத்திட்டேன்.”

எனக்கு உயிர் வந்தது. அன்று கேசரியை இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

3

அந்த வீட்டை ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

இங்கே சனிக்கிழமை விருந்துகளில் நம்மவர்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் முதலீட்டு வீட்டில் வந்துதான் முடியும். ஒருவர் ஓஎம்ஆரில் மூன்று படுக்கையறை என்பார். இன்னொருவர் ஒரகடத்தில் அங்கீகாரம் பெற்ற மனை என்பார். என்னிடமும் கேட்டார்கள். “கடலைப் பார்த்த வீடு ஒன்று இருக்கிறது” என்றேன். “ஈசிஆரா?” என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “இல்லை, எண்ணூர் பக்கம்” என்றதும் சமோசாத் தட்டு வேறு பக்கம் போய்விட்டது.

அது முதலீடுதான். ஆசைப்பட்டும் வாங்கினேன், கணக்குப் போட்டும் வாங்கினேன். மெல்பேர்னில் வீடு வாங்க முன்பணம் வேண்டும். என் சம்பளத்தில் அது சேராது. குப்பத்தில் வீடு மலிவு, வாடகை நின்றுபோகாது, பத்து வருஷத்தில் விலை ஏறும், விற்று இங்கே முன்பணம் கட்டலாம் என்பது திட்டம். சின்ன வயசுத் தோஸ்து பாஸ்கர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் பார்த்துக் கொடுத்தான்.

கடற்கரைக் குப்பங்களில் வீடு கைமாறும் விதம் வேறு. பட்டா கிடையாது. முத்திரைத் தாளில் எழுதி, ஊர் பஞ்சாயத்துப் பெரியவர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டு, ஊர்ப் பொதுவுக்கு ஒரு தொகை கொடுத்தால் வீடு உங்களுடையது. ஊருக்குள் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஊருக்கு வெளியே அந்தத் தாளை யாரும் மதிக்கவும் மாட்டார்கள். எனக்கு இது தெரிந்தே இருந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வாங்கி எட்டு வருஷம். முதல் மாதத்திலிருந்து தேவகி அக்காவும் அவர் கணவர் மாரி அண்ணனும்தான் அங்கே இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருஷமாகிறது. ஜன்னலோரம் கட்டிலில் படுத்துக் கடலைப் பார்த்தபடி இருப்பார். ஓட்டைத் தகரக் கூரையை எடுத்துவிட்டு நான் தளம் போட்டேன். மேலே ஓர் அறையும் கட்டி, ஊரில் விட்டுவந்த சாமான்களை அதில் போட்டுவைத்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் கலாவின் அம்மா வீட்டில்தான் தங்குவோம். என் வீட்டில் நான் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாஸ்கர் அழைத்தான். ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“மாமு, நீயா அழிக்க சொன்ன?”

“ஆமா. ஏன்?”

“காரியத்த கெடுத்துட்டியே மாமு. கடல் உள்ள வந்துகினே கீதுன்னு கல்லு சுவரு கட்டப் போறாங்க. முன்னாடி ரெண்டு வரிச வூடு எப்டியும் போயிடும். நம்பர் கீறவங்களுக்கு மாத்து வூடு. நம்ம ஏரியாவுலயே அடுக்குமாடி கட்டிகினு கீறாங்க. நம்பர் இல்லாத வூடு கணக்குலயே வராது. அப்பால வந்து கட்டினதுன்னு சொல்லி இடிச்சிட்டு போய்கினே இருப்பான்.”

எண் இருந்தாலும் வீடு போகும். எண் இல்லாவிட்டாலும் வீடு போகும். எண் இருந்தவர்களுக்கு மட்டும் வேறு வீடு. அம்மா டீ வாங்கிக் கொடுத்துத் தோற்றார். நான் அழிக்கச் சொல்லித் தோற்றேன். எந்தப் பக்கம் போனாலும் எங்கள் வீட்டுக்கு அடி விழுகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

“இப்ப இன்னா பண்றது பாஸ்கரு?”

“வர்ற சனிக்கிழம ஸ்கூல்ல கேம்ப்பு போடறாங்க. வுட்டுப் போனவங்க மனு குடுக்கலாம். ஆனா ஒரு வூட்டுக்கு ஒரு பேருதான். யாரு குடியிருக்காங்களோ அவங்க பேரு.”

“அக்கா தான கீது?”

“அதான் பேஜாரு. அக்கா பேர எய்திட்டா வூடு அக்காவுக்கு. உன் முத்திர தாள்ல வடை மடிச்சி துன்ன வேண்டியதுதான்.”

பிறகு ஒரு வழி சொன்னான். கலாவின் தம்பி முருகன் வேலையில்லாமல் வியாசர்பாடியில்தான் இருக்கிறான். அவன் ஒரு மாதம் அந்த வீட்டில் போய் இருக்கட்டும். அக்காவையும் அண்ணனையும் யானைக்கவுனியில் அக்காவின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மின்சார அட்டை இன்னும் பழைய வீட்டுக்காரர் பேரில்தான் இருக்கிறது, அவரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம். கேம்ப்பில் முருகன் போய் நின்று, நான்தான் குடியிருக்கிறேன் என்று சொன்னால் போதும்.

“இல்லன்னா நீயே லீவு போட்டுகினு வா மாமு” என்றான். நான் இப்போது இந்தியக் குடிமகனே இல்லை என்பது அவனுக்கு நினைவில்லை. எனக்கே அடிக்கடி மறந்துபோகிறது.

5

நான் தேவகி அக்காவிடம் கேட்டேன். கேட்காமல் விட்டதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் கேட்டேன்.

குரல் செய்தியில் கேட்கத் தைரியம் வரவில்லை, எழுதவும் வரவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்து, வண்டியை ஒரு பூங்கா ஓரம் நிறுத்திவிட்டு அழைத்தேன். அப்போது அங்கே மதியம். ஒரு மாதம் தங்கை வீட்டில் இருக்க முடியுமா, முருகன் வந்து தங்குவான், காரியம் முடிந்ததும் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். “ஏதாவது” என்றால் என்ன என்று அக்கா கேட்கவில்லை.

“சரி நைனா. உன் வூடு” என்றார்.

பிறகு அவரே சொன்னார்.

“அவர ஆட்டோல ஒக்கார வைக்க முடியாது, சாஞ்சிடுவாரு. மீன் வண்டில பாய் விரிச்சி படுக்க வெச்சி இஸ்துகினு போவலாம். காலையில வண்டிய நல்லா கழுவிட்டன்னா கவுச்சி வராது.”

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. எப்படிச் செய்வது என்று யோசித்துதான் சொன்னார். திருவொற்றியூரிலிருந்து யானைக்கவுனிவரை, லாரிகளுக்கு நடுவே, மனிதரை மீன் வண்டியில் படுக்க வைத்து இழுத்துக்கொண்டு போவதற்கு அவர் வழி பார்த்துக்கொண்டிருந்தார். நான் “சரிக்கா” என்று சொல்லி ஃபோனை வைத்தேன். என்மேல் எனக்கு வெறுப்பாக இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் இருந்தது.

6

செவ்வாய்க்கிழமை எங்கள் ஏஜென்டிடமிருந்து பதில் வந்தது.

புதன்கிழமை பார்வையிடலுக்காக நான் முந்தின வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். இங்கே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இப்படி வந்து அடுப்பு, கழிப்பறை, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் படம் பிடிப்பார்கள். அதற்கு முந்தின வாரம் முழுக்க நானும் கலாவும் மகளும் தேய்ப்போம். சமையலறை அலமாரிகள் நிறைந்து வழிவதைப் பார்த்து ஏதும் நினைக்கக் கூடாதே என்று, “செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாவற்றையும் காலி செய்துவிடுவோம்” என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நான் சொன்னது அலமாரியை. அவருக்குப் புரிந்தது வீட்டை. வீட்டைக் காலி செய்வதற்கான படிவத்தை இணைத்து, இவ்வளவு நாள் குடியிருந்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் விற்கும் எண்ணத்தில் இருப்பதால் இது எல்லோருக்கும் வசதியாக இருக்கும் என்று கடைசியில் ஒரு வரி வேறு.

அந்த வரியைப் படித்தபோது சூப்பர் மார்க்கெட் ஒன்றின் குளிர் அறைக்குள் நின்றிருந்தேன். வெளியே வந்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏஜென்டை அழைத்து, நாங்கள் எங்கும் போகவில்லை, அலமாரியைத்தான் சொன்னேன் என்று விளக்குவதற்குள் என் ஆங்கிலம் மூன்று இடத்தில் தடுக்கிவிழுந்தது. அவர் சிரித்துவிட்டு, ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருஷமாக இருக்கும் வீட்டை விட்டுப் போ என்று ஒரு தாள் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பத்து நிமிஷம் தெரிந்தது. அக்காவுக்கு நான் தாள்கூட அனுப்பவில்லை.

மாலையில் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் கலாவிடம் சொன்னேன். மகள் மோனிஷாவுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. காதில் செருகியதைக் கழற்றாமல் சாப்பிடுவாள். அன்று எப்படியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்பா, அந்த வீட்டுல நாம தூங்கினோமா?” என்று தமிழில் கேட்டாள். உடைந்த தமிழ்தான்.

“இல்லம்மா.”

“அப்போ, அது நம்ம வீடு இல்ல. நம்ம காசு” என்றாள். பிறகு மறுபடி காதில் செருகிக்கொண்டாள். குத்திக்காட்ட அவள் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான். அவளுக்கு எங்கள் ஊர் தூரமாகிக்கொண்டே போகிறது என்று நான் புலம்புவதுண்டு. அன்று நான்தான் அவளைவிடத் தூரத்தில் இருந்தேன்.

“அக்கா பேரையே எய்தட்டும்” என்றேன். கலா தட்டைத் தள்ளிவைத்தாள்.

“அப்ப நம்ம டெபாசிட்டு?”

“போச்சி.”

“இந்த வூட்ட வித்துட்டான்னா நாம எங்க போவோம் மாமா?”

“தெரியல.”

“நீ சொல்றது நாயந்தான். அந்த மனுசன மீன் வண்டில ஏத்தினா நமக்கு அடுக்காது” என்றாள். “ஆனா எனக்கு பயமா கீது.” எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். ஏற்கெனவே தேய்த்துவைத்த பாத்திரங்கள் அவை.

அக்காவை அழைத்தேன். எங்கேயும் போக வேண்டாம், முருகன் வரமாட்டான், சனிக்கிழமை நீயே கேம்ப்புக்குப் போ என்றேன்.

“மெய்யாலுமா நைனா?” என்றார். “நான் பாத்திரத்தெல்லாம் சாக்குல கட்டிட்டேனே.”

“பிரிச்சி வைக்கா.”

7

சனிக்கிழமை எனக்கு மதியம் மூன்று மணி. அங்கே காலை பத்தரை. பள்ளிக்கூட வராந்தாவில் நல்ல கூட்டம் என்று பாஸ்கர் சொல்லியிருந்தான். அவனுக்கு என்மேல் வருத்தம். ஆனாலும் அக்காவைத் தன் ஆட்டோவில் இட்டுக்கொண்டு போயிருந்தான். வீடியோவில் அழைத்து, ஃபோனை அக்கா கையில் கொடுத்தான். முதலில் பள்ளிக்கூட ஓடு தெரிந்தது, பிறகு அக்காவின் காது, பிறகு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி. கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். நிறைய பேரைப் பார்த்துக் களைத்திருந்தார்.

அக்காவின் ரேஷன் கார்டை அவர் பார்த்தார். முகவரி சரியாக இருந்தது.

“நம்பர் போடும்போது எங்கம்மா போனீங்க?”

“வூட்டுலதான் சார் இருந்தேன். போட்டாங்க. நான்தான் அழிச்சிட்டேன்.”

“அழிச்சிட்டீங்களா? எதுக்கு?”

“பயமா இருந்துது சார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “இன்னிக்கு இப்படிச் சொல்ற ஆறாவது ஆளு நீங்க” என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுவரில் எண்ணைக் கண்டு பயந்தவன் அந்தக் குப்பத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

“சொந்த வீடா, வாடகையா?”

அக்கா ஃபோனில் என்னைப் பார்த்தார். வாடகை என்று சொல்லாதே என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் அக்காவுக்கு அது வாயில் வரவில்லை. எட்டு வருஷமாக ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகை போட்டவர். எதிரில் என் முகம் வேறு தெரிகிறது.

“அது வந்து சார், இந்த தம்பி வூடு” என்று ஃபோனை அவர் பக்கம் திருப்பினார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். என் பின்னால் எங்கள் வாடகை வீட்டின் வெள்ளைச் சுவரும், ஏஜென்டுக்காகத் துடைத்துவைத்த ஜன்னலும் தெரிந்திருக்கும்.

“நீங்க எங்க இருக்கீங்க?”

“ஆஸ்திரேலியா சார்.”

“அப்ப அந்த வீட்டுல யாரு இருக்கா? வீட்ட ஒரு பேருலதான் எழுத முடியும். சரியா சொல்லுங்க, பின்னாடி அந்தப் பேர மாத்த முடியாது.”

கலா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எட்டு வருஷ வாடகை, மேலே கட்டிய அறை, கிடைக்காமல் போகப்போகும் முன்பணம், எங்கள் தலைக்கு மேல் இருக்கும் விற்கப்படப்போகிற கூரை எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. எனக்கு அப்போது பெருந்தன்மை எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. ஒன்பது வயதில் புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பயம்.

“அது அவங்க வூடுதான் சார்” என்றேன். “நான் அங்க இருந்ததே இல்ல.”

அவர் எழுதினார். ஃபோன் தாழ்ந்து, அக்காவின் செருப்பும் பள்ளிக்கூடத் தரையும் தெரிந்தன. அப்படியே அழைப்பு அறுந்துபோனது.

8

மறுநாள் ஆட்கள் வந்து, நீலச் சுவரில் பழைய இடத்திலேயே 117 என்று எழுதிவிட்டுப் போனார்கள். அக்கா படம் அனுப்பினார். ஜன்னல் வழியாக மாரி அண்ணனின் கையும் தெரிந்தது.

கூடவே கேம்ப்பில் கொடுத்த படிவத்தின் நகலையும் அனுப்பியிருந்தார். படிக்கத் தெரியாது, சரியாக எழுதியிருக்கிறார்களா பார் என்று சொல்லியிருந்தார். குடும்பத் தலைவி தேவகி. அடுத்த வரியில் மாரி, கணவர். மூன்றாவது வரியில் என் பெயர் இருந்தது. உறவு என்ற கட்டத்தில் ‘மகன்’ என்றும், பக்கத்தில் ‘வெளியூர்’ என்றும் எழுதியிருந்தது.

பதறிப்போய் அழைத்தேன். “இன்னாக்கா இது? இது தப்பாச்சே. நான் இந்த நாட்டு ஆளு. மாட்டிக்குவ.”

“அப்பால வேற ஒருத்தரு வூட்டுல எத்தினி பேருன்னு கேட்டாரு நைனா. மேல் ரூமுல உன் சாமான் கீது. நீ கட்டின ரூமு. உன்ன வுட்டுட்டு எப்டி சொல்றது?” என்றார். “தப்புன்னா திங்கக்கெழம போய் மாத்த சொல்றேன்.”

மாற்றச் சொல்லிவிட்டேன். சட்டப்படி அதுதான் சரி. ஆனால் இரண்டு நாள், இந்தியாவில் ஒரு வீட்டுக் கணக்கில் என் பெயர் இருந்தது. என் அம்மா எங்கள் எண்ணைப் பெரிதாக எழுதச் சொன்ன அந்தப் பத்து நாளைக்கு அப்புறம் எனக்கு அது இப்போதுதான் வாய்த்தது.

மாற்று வீடுகள் இன்னும் கட்டி முடியவில்லை. தூண்கள் மட்டும்தான் எழும்பியிருக்கின்றன என்று பாஸ்கர் போய்ப் பார்த்துவந்து சொன்னான். கட்டி முடிக்கும்வரை இடிக்க மாட்டார்கள் என்று கேம்ப்பில் சொன்னார்களாம். எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

எங்கள் ஏஜென்டும் அறிக்கை அனுப்பியிருக்கிறார். வீடு நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது. விற்பதைப் பற்றி ஒன்றும் இல்லை.

தினமும் அக்கா காசிமேட்டுக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு படம் அனுப்புகிறார், நான் கேட்டுக்கொண்டதால். சுவர், எண், ஜன்னல், அண்ணனின் கை. படம் வரும்வரை நான் டீயைத் தொடுவதில்லை. இன்றைக்கும் வந்துவிட்டது. சுவரில் மறுபடி எண் எழுதி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நாளைக்குப் பத்தாம் நாள்.